தலைமுழுக்கு

"அம்மா, என் மகனைத் தலைமுழுகிட்டேன்."

ஈரத் துண்டோடு வந்து நின்றார் தங்கப்பழம். மடத்துக்குச் சாப்பாட்டுக் கூடம் கட்டித்தரும் மேஸ்திரி. நிஜமாகவே குளத்தில் முங்கிவிட்டு வந்திருக்கிறார். மனுஷன் ஒன்று சொன்னால் செய்துவிடுவார்!

மடத்தை நடத்தும் செங்கமலத்தம்மை தயிர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். மேஸ்திரியைவிட இளையவள். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு.

"அப்படி என்ன செஞ்சான்?"

"நேத்து மத்தியானம் போட்ட கான்கிரீட் தளம்மா. சாயங்காலமே மேல ஏறி, சேக்காளிகளோட ஆடியிருக்கான். ரீல்ஸ் எடுத்தானாம், ரீல்ஸ்! கால்தடம் அப்படியே பதிஞ்சு கிடக்கு. பதினேழு வயசாச்சு, மண்டையில மூளை இருக்கா அவனுக்கு? வீட்டுப்பக்கமே வராதலேன்னு விரட்டிட்டேன்."

அம்மைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையைக் கழுவிவிட்டுக் கூடத்துக்குள் போனாள். புதுத் தளத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கம்பு ஒன்றைப் பிடித்து ஆட்டினாள்.

"தளம்தான் போட்டாச்சே. இதையெல்லாம் உருவிடுவோமா?"

"ஐயையோ, விடுங்கம்மா!"

தங்கப்பழம் பாய்ந்து போய்க் கம்பைக் கட்டிக்கொண்டார்.

"ஏன், சுவரெல்லாம் நல்லாத்தானே நிக்குது?"

"சுவர் எப்பவோ எழும்பியாச்சு. தளம்தானே கடைசி வேலை? அது இறுக நாளாகும்மா. அதுவரைக்கும் முட்டு வேணும், தண்ணி ஊத்திட்டே இருக்கணும். காயவிட்டா வெடிச்சிரும்."

"வெடிச்சா தளத்தை ஏசுவீங்களா?"

"அது என்ன செய்யும் பாவம்? பார்த்துக்காத நம்மளைத்தான் ஏசணும்."

அம்மை தன் நெற்றியைத் தட்டிக் காட்டினாள்.

"மூளையிலயும் யோசிக்கிற இந்த முன்பக்கம்தான் கடைசியா இறுகுமாம், மேஸ்திரி. மீசை முளைச்சு ரொம்ப வருசம் கழிச்சு."

தங்கப்பழம் தளத்தை அண்ணாந்து பார்த்தார். கம்பை மட்டும் விடவில்லை.

"அவன் எங்கம்மா?"

"மேலதான். விடிஞ்சதிலேருந்து தண்ணி ஊத்திட்டிருக்கான். சோறு வேற யாருக்குப் பிசைஞ்சேன்?"

மேஸ்திரி ஏணியில் ஏறினார். அப்பாவைக் கண்டதும் ராசதுரை வாளியை வைத்துவிட்டு, அடி விழும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

தங்கப்பழம் வாளியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தார்.

"அப்பா! எதுக்குப்பா?"

"வெடிச்சிரக் கூடாதுல்லா, மக்கா."