நாரை கேட்ட பந்தல்

கடலோரக் காட்டில் ஒரு மேடு. மேட்டின் மேல் விலங்குகளின் ஊர். ஊர் நடுவே ஓர் ஓடை. அது நேரே கீழே இறங்கி உப்பங்கழியில் போய் விழும். அந்தக் கழியில்தான் நண்டும் மீனும் குடியிருந்தன.

மேட்டிலிருந்த மருதமரத்தில் பூவரசி என்ற நாரை கூடு கட்டியிருந்தாள். இரண்டு குஞ்சுகள். இரை பிடிக்க மட்டும் கழிக்குப் போவாள். மற்றபடி அவள் மேட்டுக்காரி. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்!

மேட்டில் ஒரு வழக்கம். அழுகிய பழம், சாணம், குரங்குகள் சப்பித் துப்பிய எட்டிக்கொட்டை என்று கோடைக் குப்பையை எல்லாம் குவித்து வைப்பார்கள். முதல் மழை கொட்டியதும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடையில் தள்ளுவார்கள். "ஊர் சுத்தமாச்சு!" என்று குதிப்பார்கள். அது எங்கே போனது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால்தானே வம்பு!

அந்த ஆண்டு மழைக்கு முன் கல்லாயி என்ற நண்டு மேடேறி வந்தாள். வயிற்றடியில் கொத்துக் கொத்தாய் முட்டை. மூச்சு வாங்க ஊர்க்கூட்டத்தின் நடுவே நின்றாள்.

"ஐயா, போன மழையில எங்க பிள்ளைங்க பாதி செத்துப்போச்சு. ஓடை வந்து விழுற இடத்துல அடர்த்தியா கோரை நட்டா, குப்பை அங்கேயே தங்கிடும். வயலெலிங்க நட்டுத் தரேங்குது. கூலிக்குப் பொதுக்குதிர்லேர்ந்து கொஞ்சம் தானியம் ஒதுக்குங்க!"

பொதுக்குதிர் என்பது ஊரார் எல்லோரும் தானியம் போட்டு நிரப்பியது. அதற்குக் காவல் ஊர்த்தலைவன் தொப்பையன். பெருச்சாளி! பொருத்தமான காவல்தான், போங்கள்.

தொப்பையன் சிரித்தான். "கோரையா? தண்ணியில நட்ட கோரை எவன் கண்ணுக்குத் தெரியும்? நான் மழைத் திருவிழாவுக்குப் பந்தல் போடப்போறேன். பார்க்கிறவன் வாயப் பிளக்கணும்!"

கூட்டத்தில் பாதி கோரை என்றது. பாதி பந்தல் என்றது. பூவரசி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. தொப்பையன் மெல்ல அவளிடம் நகர்ந்தான்.

"பூவரசி, பந்தலை உன் மரத்தோட சேர்த்து உசரமாப் போடறேன். உன் கூட்டுல ஒரு சொட்டு விழாது!"

போன ஆண்டு மழையில் நனைந்து, நடுங்கி, ஒரு குஞ்சு அவள் கண்ணெதிரே செத்துப்போயிருந்தது. பெற்ற வயிறு அதை மறக்குமா? நண்டின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"பந்தல்!"

கல்லாயி முட்டைகளைச் சுமந்துகொண்டு கீழே இறங்கிப் போனாள்.

பந்தல் எழுந்தது. மழையும் வந்தது. ஊர் குப்பையைத் தள்ளிவிட்டுக் குதித்தது. பூவரசியின் கூட்டில் ஒரு சொட்டு விழவில்லை. அவளுக்கு நிம்மதி.

மறுநாள் காலை கழியில் மீன்கள் மந்தமாக மிதந்தன. துரத்தாமலே கிடைத்தன. "இன்னிக்கு நல்ல வேட்டை!" என்று வாய் நிறைய அள்ளி வந்து ஊட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் சின்னக் குஞ்சின் கழுத்து வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு துவண்டது. "கண்ணே, எழுந்திருடா!" என்று மூக்கால் நிமிர்த்தினாள். அது எழவில்லை. கூடு காய்ந்து கதகதப்பாகத்தான் இருந்தது.

கூட்டில் மீந்துகிடந்த மீனின் வாயைப் பிளந்தாள். தொண்டையில் எட்டிக்கொட்டைச் சில்லு.

பூவரசி கழிக்குப் பறந்தாள். கல்லாயி சேற்றில் கிடந்தாள். வயிற்றடி முட்டைகள் கறுத்துப் போயிருந்தன. அவள் தலையை நிமிர்த்தி, வழக்கம்போலக் கேட்டாள்:

"வாங்கக்கா. குஞ்சுங்க சௌக்கியமா?"

பூவரசி உடைந்து அழுதாள். "ஒண்ணு போச்சு, கல்லாயி! என் மூக்காலயே விஷத்தை ஊட்டிட்டேன்!"

அழுதுகொண்டே மேட்டுக்குத் திரும்பினாள். பந்தல் ஓலையைக் கொத்திக் கொத்திப் பிய்த்தாள்.

"அடி பாவி! பொதுக்குதிர் மொத்தத்தையும் காலி பண்ணிப் போட்ட பந்தல்! மழை இன்னும் விடல, உன் கூடுதான் நனையும்!" என்று தொப்பையன் அலறினான்.

"நனையட்டும்! குதிர்ல கூலி இல்லேன்னா இந்த ஓலையே எலிங்களுக்குக் கூலி. கோரை நடட்டும்!"

வயலெலிகள் ஓலையைத் தங்கள் வளைகளுக்கு இழுத்துப் போயின. பிறகு வந்து கோரை நட்டன. முதல் கோரையைப் பூவரசியே கொண்டுபோய் ஊன்றினாள். மிஞ்சிய ஒற்றைக் குஞ்சு அன்றைய மழையில் தாயின் இறக்கைக்கடியில் நனைந்துகொண்டே தூங்கியது. அது பிழைத்துக்கொண்டது.

கண்ணுக்குத் தெரியாத செலவு வீண் என்று கைவிட்டு, தன் அழுக்கைக் கீழே இருப்பவர் வாசலில் தள்ளுகிற ஊர், கடைசியில் அதைத் தன் பிள்ளைக்கே ஊட்டும்.