கொற்றன் கட்டிய இறகுகள்

உப்பங்கழிகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத காலம் அது. சிறியவர்களும் கேளுங்கள், கல்யாணமானவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கேளுங்கள்.

ஆறு கடலில் கலக்கும் ஓர் இடத்தில் கொற்றன் என்று ஒருவன் இருந்தான். தூண்டில் முள்ளில் இறகு கட்டுவது அவன் தொழில். இறகை நூலால் இறுக்கிச் சுற்றி, வேப்பம்பிசின் தடவி, தண்ணீரில் இழுத்தால் குஞ்சுமீன் நீந்துவதுபோல் இருக்க வேண்டும். உப்பங்கழியின் கொடுவா மீன் அதை நம்பி வாய் திறக்க வேண்டும்.

கொற்றன் கட்டும் இறகுகள் அத்தனை அழகு. துறையில் இருந்த வாலிபர்கள் அவற்றை வாங்கித் தலைப்பாகையில் செருகிக்கொண்டார்கள். அவற்றில் மீன் விழுந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கொற்றனும் கேட்டதில்லை.

அவன் மனைவி பெயர் வெண்ணி. அந்த வருஷம் ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நாற்பது நாள் கழித்துக் காய்ச்சல் போயிற்று. பசி மட்டும் திரும்பவில்லை. பால் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டாள். சோறு கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். "இனி மருந்து இல்லை அப்பா. அவளுக்குப் பிடித்ததாக ஒரு கவளம் உள்ளே போக வேண்டும். மூன்று நாளுக்குள் போனால் பிழைப்பாள்."

"கொடுவா மீன்தான்!" என்றான் கொற்றன். "எனக்குத் தெரியாதா?"

முதல் நாள் மயிலிறகை எடுத்தான். சிவப்புப் பட்டு நூலால் கட்டினான். கட்டிலில் கிடந்த வெண்ணி பார்த்தாள். அந்த நிலையிலும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னய்யா, மீனுக்குக் கல்யாணமா?" என்றாள்.

கழியில் கண்டல் மரத்தின் வேரில் ஒரு சாம்பல் நாரை நின்றிருந்தது. "அழகு, அழகு! மீன் எங்கே?" என்றது. கொடுவா ஒன்று அருகே வந்தது, திரும்பிப் போய்விட்டது.

இரண்டாம் நாள் கிளியிறகோடு சேவலின் கழுத்திறகையும் சேர்த்து, மஞ்சள் பட்டால் கட்டினான். "நேற்றைவிட அழகு! மீன் எங்கே?" என்றது நாரை. கொடுவா வரவே இல்லை. வீடு திரும்பியபோது வெண்ணி கேலி பேசவில்லை. அதுதான் அவனை உலுக்கியது.

மூன்றாம் நாள் விடிந்ததும் தன்னிடமிருந்த எல்லா நிறங்களையும் ஒரே முள்ளில் கட்டினான். நாரை இம்முறை வாயே திறக்கவில்லை. தண்ணீரையே பார்த்து நின்றது. சட்டென்று குனிந்து எதையோ கொத்தி விழுங்கியது. அது நிறமே இல்லாத, விரல் நீள மடவை மீன்குஞ்சு.

கொற்றன் யோசித்தான். தூண்டிலை ஒரு வேரில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டான். தானும் இறங்கினான். மூச்சைப் பிடித்து மூழ்கி, கொடுவா இருக்கும் இடத்திலிருந்து மேலே பார்த்தான்.

மயில் இல்லை, கிளி இல்லை. கலங்கல் நீரில் அவன் இறகு ஒரு கறுப்புக் கட்டியாகத் தொங்கியது. பக்கத்தில் மடவைக் குஞ்சுகள் மெலிந்து, மங்கி, நடுங்கிக்கொண்டு போயின.

"இத்தனை நாளும் என் கண்ணுக்குத்தான் கட்டியிருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கரையேறினான். நாரை உதிர்த்த ஓர் இறகைச் சேற்றிலிருந்து எடுத்தான். வேட்டி ஓரத்தில் உருவிய நூலால் கட்டினான். முதல் வீச்சிலேயே கை நீளக் கொடுவா ஒன்று தூண்டிலைக் கவ்வியது.

ஓடினான். தானே அரிந்து, தானே குழம்பு வைத்து, நடுத்துண்டை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனான். வெண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உனக்குப் பிடித்த மீனாயிற்றே!"

"உனக்குப் பிடித்த மீனய்யா" என்றாள் அவள், மெல்லிய குரலில். "இருபது வருஷமாக நடுத்துண்டு யார் தட்டில் விழுந்தது?"

கொற்றனுக்கு மறுபடியும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. தட்டைக் கீழே வைத்தான். தரையில் உட்கார்ந்தான்.

"வெண்ணி, உனக்கு என்ன வேணும்?"

இருபது வருஷத்தில் அவன் அதைக் கேட்டது அன்றுதான். அவள் கண்ணோரம் நனைந்தது.

"பழைய கஞ்சி. தணலில் சுட்ட நெத்திலிக் கருவாடு."

கருவாட்டு வாசத்துக்கு எலி வரும், எலி வந்தால் இறகைக் கடிக்கும் என்று கல்யாணமான மாதமே கொற்றன் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் கருவாடு வந்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினான். அந்த வீட்டுக்காரி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொடுவாக் குழம்பைக் கொடுத்துவிட்டுக் கருவாடா? காய்ச்சல் உன் பெண்டாட்டிக்கா, உனக்கா?" என்று சிரித்தாள். ஆனாலும் கருவாட்டை இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தாள், மண்கலயத்தில் தன் வீட்டுப் பழைய கஞ்சியையும் ஊற்றிக் கொடுத்தாள்.

கொற்றன் தணலில் சுட்டான். வீடெல்லாம் வாசம் எழுந்தது. வெண்ணி தலையைத் தூக்கினாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். மூன்றாவது வாய்க்குக் கலயத்தைத் தானே பிடித்துக்கொண்டாள்.

"எலி வருமேய்யா" என்றாள்.

"வரட்டும்" என்றான் கொற்றன்.

ஆகையால் கேட்டவர்களே, அன்பானவருக்கு நம் கண்ணுக்கு அழகானதைத் தேடிக் கொடுக்கும் முன், அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.