மடிப்பு விழாத ரசீது

"எனக்கு ஒரு ரசீது வேணுமுங்க" என்றார் நாச்சிமுத்து.

"எதுக்கு?"

"கொடுக்காத பணத்துக்குங்க."

பெனாசிர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

உடுமலைப்பேட்டையில் ஓர் உரக்கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. அங்கே உட்கார்ந்து ஊராருக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது பெனாசிரின் தொழில். வயது முப்பத்தாறு. அதிகம் பேச மாட்டார். அவரிடம் கேள்வியோடு போனால் வேலையோடுதான் திரும்பி வர வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து நாலு. நூற்பாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். எந்த மெஷின் எங்கே முனகினாலும் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"உட்காருங்கண்ணா. சொல்லுங்க."

உட்கார்ந்தார். சொன்னார்.

ரெண்டு வருடத்துக்கு முன்னால் மில் வாசலுக்கு ஒரு ஆள் வந்தான். சம்பளத்தில் பிடித்த வரியைத் திருப்பி வாங்கித் தருகிறேன், வருவதில் பத்தில் ஒரு பங்கு எனக்கு என்றான். நாச்சிமுத்து கம்பெனி கொடுத்த படிவத்தைக் கொடுத்தார். வருமான வரி வெப்சைட்டின் பாஸ்வேர்டையும் கொடுத்தார். ஒரே மாதத்தில் பேங்குக்கு இருபத்தாறாயிரம் வந்தது.

"எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்களா?"

"கேக்கலீங்க."

"ஏன்?"

நாச்சிமுத்து ஜன்னலைப் பார்த்தார்.

"கேட்டா சொல்லிப்போடுவானோன்னுதான்."

நாலு மாதத்துக்கு முன்னால் வருமான வரித் துறையிலிருந்து போனில் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. ஒண்ணேகால் லட்சம் நன்கொடை கொடுத்ததாகக் கணக்கில் காட்டியிருக்கிறீர்கள், சரிபாருங்கள், தவறென்றால் திருத்துங்கள் என்று.

"கோயில் உண்டியல்லகூட நான் அம்பது ரூபாய்க்கு மேல போட்டதில்லீங்க மேடம். அந்த ஆளுக்குப் போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப்."

அன்றிலிருந்து போன் சத்தம் கேட்டாலே எடுத்துக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். சோறு இறங்கவில்லை. சர்க்கரையாக இருக்குமோ என்று மனைவி பூங்கோதை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"ரசீது ஒண்ணு இருந்தா தப்பிச்சுக்கலாம்னு சொல்றாங்க. நீங்க பாத்து ஒண்ணு..."

பெனாசிர் பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார். அதன்மேல் பேனாவை வைத்து அவர் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க."

"என்னங்க?"

"ரசீதுதான். நீங்களே எழுதுங்க. யார் கொடுத்தது, எவ்வளவு, என்னிக்கு. மூணு வரி போதும்."

நாச்சிமுத்து பெயரை எழுதினார். தொகையை எழுதினார். தேதிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"மாசி மாசம் போடட்டுங்களா?"

"அந்த மாசியில எங்க இருந்தீங்க?"

யோசித்தார். "ஆஸ்பத்திரியிலங்க. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. பன்னெண்டு நாள் அங்கயேதான் கெடந்தேன்."

"அப்ப ஐப்பசி போடுங்க."

"ஐப்பசியில பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டப் பணம் பொரட்டிட்டு இருந்தேன்."

"சித்திரை?"

நாச்சிமுத்து பேனாவை மூடிவைத்தார்.

"அம்மாவோட ஆஸ்பத்திரி பில் இருக்காண்ணா?"

"வீட்டுல எங்கயாச்சும் கெடக்குமுங்க."

"பீஸ் கட்டின ரசீது?"

"இருக்கும். அதெல்லாம் எதுக்குங்க? கேக்கறது நன்கொடை ரசீதைத்தான?"

"வீட்டுல இருக்கற காகிதத்தை எல்லாம் எடுத்துட்டு வியாழக்கிழமை வாங்க."

"எந்தக் காகிதமுங்க?"

"இருக்கற காகிதம்."



ரெண்டு நாள் தேடினார்கள், நாச்சிமுத்துவும் பூங்கோதையும்.

பீரோவில் தேடினார்கள். சாமி படங்களுக்குப் பின்னால் தேடினார்கள். கட்டிலுக்கு அடியில், பட்டுச்சேலை வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் தேடினார்கள்.

"இந்த மோட்டார் வாரண்டிய எதுக்கு வெச்சிருக்கே? மோட்டாரே போயி ஆறு வருசமாச்சு."

"நீங்கதான வெக்கச் சொன்னீங்க?"

ஆஸ்பத்திரிக் காகிதங்கள் மஞ்சள்தூள் டப்பாவின் பக்கத்தில் இருந்தன. அந்தப் பன்னிரண்டு நாளும் அம்மா நர்ஸுகளை ஒருத்தி விடாமல் பிடித்து, கல்யாணமாகிவிட்டதா, எந்த ஊர், என்ன குலம் என்று கேட்டது பூங்கோதைக்கு ஞாபகம் வந்தது. தரையில் உட்கார்ந்து இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

அன்று மத்தியானம் நாச்சிமுத்து ரெண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.



வியாழக்கிழமை ஒரு கட்டைப்பையோடு மாடியேறினார்.

பெனாசிர் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்.

"இது எங்க வெச்சிருந்தீங்க?"

"பீரோவுலங்க. நகைப் பெட்டிக்கு அடியில. காலேஜ் பீஸ்."

"இது?"

"முருகர் படத்துக்குப் பின்னாலங்க. இன்சூரன்ஸ். மூலைய பூச்சி தின்னுருச்சு. நம்பர் தெரியுது பாருங்க."

"இது?"

"அடுப்படியிலங்க. ஆஸ்பத்திரி பில்லு. கார்டுல கட்டுனது."

"இது?"

நாச்சிமுத்து பையின் காதைச் சரிசெய்தார்.

வழவழப்பான காகிதம். ஒரு அறக்கட்டளையின் பெயர் அச்சடித்திருந்தது. ரூபாய் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் நன்றியுடன் பெற்றுக்கொண்டோம். முத்திரை இருந்தது. கையெழுத்து இருந்தது. ரெண்டு வருடத்துக்கு முந்தைய தேதியும் இருந்தது.

கீழே உரக்கடையில் மூட்டைகள் இறங்கும் சத்தம் கேட்டது.

பெனாசிர் அந்த ரசீதை ஆஸ்பத்திரி பில்லுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நாலாக மடித்து மடித்துப் பிரித்த பில். மடிப்புகள் பழுத்துப் போய், மேஜையில் படியாமல் நாலு மூலையும் தூக்கிக்கொண்டு நின்றது. ரசீது மேஜையோடு மேஜையாகப் படுத்திருந்தது. ஒரு மடிப்புகூட இல்லை.

நாச்சிமுத்து ரெண்டையும் வெகுநேரம் பார்த்தார்.

"நேத்து வாங்குனதுங்க" என்றார். "மூவாயிரம்."

பெனாசிர் ரசீதை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதை வெச்சா மாட்டிக்குவேனுங்களா?"

"மாட்டலாம். மாட்டாமலும் போகலாம்."

"மாட்டாமப் போனா?"

"அடுத்த மெசேஜ் வந்தா இன்னொண்ணு வாங்கணும்."

நாச்சிமுத்து ரசீதை எடுத்தார். ரெண்டாகக் கிழித்தார். பிறகு நாலாக. பிறகு கிழிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக.

பெனாசிர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

ஒரு மணி நேரம் ஆனது. பொய் நன்கொடையைக் கணக்கிலிருந்து எடுத்தார். காலேஜ் பீஸைப் போட்டார். ஆஸ்பத்திரி பில்லைப் போட்டார். உண்மையான செலவுக்கே வரி குறைந்தது. இடையில் ஒரே ஒரு முறை திரும்பினார்.

"இதையெல்லாம் அந்த ஆள் சேர்க்கவே இல்லையே?"

"அவன் ஒரு காகிதமும் கேக்கலீங்க."

திருத்திய கணக்கு திரையில் வந்தது. நாச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எப்படியும் ஒரு லட்சம் கேட்பார்கள், பூங்கோதையின் சங்கிலியை அடகு வைத்துவிடலாம் என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தார்.

"எவ்வளவுங்க?"

"வட்டி, கூடுதல் வரி எல்லாம் சேர்த்துப் பதினேழாயிரத்து நானூறு."

"மாசத்துக்குங்களா?"

"மொத்தமே அவ்வளவுதாண்ணா."

அங்கேயே போனில் கட்டினார். பிரிண்டர் ஒரு தாளைத் தள்ளியது. திருத்திய கணக்கை ஏற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி. அதை ரெண்டு தடவை படித்தார். சிரித்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் சிரித்தார்.

"அவ்வளவுதானுங்களா, அம்முணி?"

மேடம் எப்போது அம்முணியானார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அவ்வளவுதான்."

நாச்சிமுத்து பையை எடுத்தார். எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னண்ணா?"

"பதினோரு பேர் இருக்காங்க."

"யாரு?"

"எங்க மில்லு ஆளுங்க. அவங்களை அந்த ஆளுகிட்ட அனுப்புனதே நான்தான் அம்முணி. எனக்குப் பணம் வந்துருச்சு, நம்பிக் கொடுங்கன்னு கேன்டீன்ல வெச்சுச் சொன்னேன். இப்ப அத்தனை பேருக்கும் மெசேஜ் வந்திருக்கு. என்ன சார் பண்றதுன்னு எங்கிட்டதான் கேக்கறாங்க."

"என்ன சொல்றீங்க?"

"பாத்துக்கலாமுன்னு சொல்றேன்."

பெனாசிர் மேஜையில் கிடந்த ரசீதுத் துண்டுகளைக் கூட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"இருபத்தேழு வருசமா எம்பேச்சைக் கேட்டவங்க. அவங்க முன்னால போயி, நான் பண்ணுனது தப்புன்னு எப்படி அம்முணி நிக்கறது?"

"ஷிஃப்ட் எத்தனை மணிக்கு மாறும்?"

"மூணு மணிக்குங்க."

பெனாசிர் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ரெண்டு இருபது.

பிறகு படிக்கட்டில் காத்திருந்த அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.



மூணு மணிக்குக் கேன்டீனில் பதினோரு பேரும் இருந்தார்கள். வேலை முடிந்தவர்கள் டீ வாங்கியிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள்.

நாச்சிமுத்து உட்காரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னார். தெரிந்தே கேட்காமல் விட்டதைச் சொன்னார். மூவாயிரத்துக்கு ரசீது வாங்கியதையும் கிழித்ததையும் சொன்னார். கட்டிய தொகையைச் சொன்னார். அத்தாட்சித் தாளை மேஜையில் வைத்தார்.

"உங்களை அவங்கிட்ட அனுப்பியிருக்கக் கூடாது. என்மேலதான் தப்பு" என்றார்.

யாரோ ஒருவரின் டீயில் ஆடை படிந்தது.

நூல் பரிசோதனைப் பிரிவின் ஜோதிமணி அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தாள். அது கை மாறி மாறி மேஜையைச் சுற்றியது.

"நாலு மாசமா, என்னமோ பெருசா நடக்கப் போகுதுன்னு நாங்க பயந்துட்டு இருந்தோம் சார்" என்றாள் ஜோதிமணி.

"மெசேஜைப் பாத்துட்டா?"

"உங்க மூஞ்சியப் பாத்துட்டு."

வாசலில் நின்றவர்களில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். சிரிப்பு மேஜைக்கு வந்தது.

ஜோதிமணி தன் பக்கத்து நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டாள். பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"உட்காருங்க சார். என்னென்ன காகிதம்னு சொல்லுங்க, எழுதிக்கறோம்."