இனிக்க மறுத்த கமலாப்பழம்

மேகநல்லூர் மகாராஜா அரங்க பூபதிக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு பண்டம் பிடித்துப்போனால், அது கைக்கு வரும்வரை அரண்மனையில் ஒருத்தருக்கும் நிம்மதி கிடையாது. அந்த வருஷம் ஐப்பசி மழை ஓய்ந்த கையோடு அவருக்குப் பிடித்துப்போனது கமலாப்பழம்.

வேட்டைக்குப் போனவர் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, காளத்தி, வெள்ளையம்மாள் என்ற புருஷன் பெண்டாட்டியின் சின்னஞ்சிறு மலைத்தோட்டத்தில் போய் நின்றிருக்கிறார். அங்கே ஒரு பழம் சாப்பிட்டாராம். அடேயப்பா, திரும்பி வந்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. தினமும் ஒரு கூடை அரண்மனைக்கு வர வேண்டும் என்று உத்தரவும் போட்டாயிற்று.

கூடை வந்தது. மத்தியானம் விருந்தை முடித்து, ஏப்பமும் விட்டு, ராஜா ஒரு சுளையை வாயில் போட்டார். முகம் கோணியது.

"இது அந்தப் பழம் இல்லை" என்றார். மறுநாள் வந்ததும் அது இல்லை. அதற்கு மறுநாள் வந்ததும் இல்லை.

அரண்மனைத் தோட்ட அதிகாரி ஆபத்சகாயம் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்தார். பேரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அந்த மலைத்தோட்டத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"மகாராஜா, நல்ல பழத்தைப் பதுக்கிக்கொண்டு நமக்குப் புளிப்பை அனுப்புகிறார்கள். தோட்டத்தை என் பொறுப்பில் விடுங்கள், தேனாக வரும்."

"வெள்ளிக்கிழமைவரை பார்ப்போம்" என்றார் ராஜா. "அதற்குள் அதே பழம் வராவிட்டால் தோட்டம் அரண்மனையைச் சேரட்டும்."

சபையில் விகடம் பேசுவதற்கென்றே இருந்தவர் திருமலைக்கொழுந்து. அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கூடைப் பழத்துக்காக ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவதா என்று எரிச்சல் வந்தது. யாரிடமும் சொல்லாமல் மலை ஏறிவிட்டார்.

அங்கே பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மூங்கில் கணுவில் கால் வைத்து ஏறும் கண்ணேணியில் காளத்தி நின்று, பழத்தைக் காம்போடு கத்தரித்தான். கீழே வெள்ளையம்மாள் வாங்கிக் கூடையில் அடுக்கினாள். ஏறி வந்த களைப்பில் கொழுந்து ஒரு பழத்துக்குக் கை நீட்டினார்.

"கையை எடுங்கய்யா" என்றாள் அவள். "பறிப்பு நாள்ல எங்க தோட்டத்துக்குள்ள யார் வந்தாலும், ஒரு கூடை நிறைச்சுக் கொடுத்துட்டுத்தான் பழத்துல வாய் வைக்கணும். எங்க மாமனார் வச்ச வழக்கம்."

"யார் வந்தாலுமா?"

வெள்ளையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கு மகாராஜான்னு தெரியாம அவர் கையிலயும் கூடையைக் கொடுத்துத் தொலைச்சேன். பாவம், வெயில்ல நின்னு முக்கி முனகி நிறைச்சார். அந்தக் கோபத்துலதான் தோட்டத்தைப் பிடுங்குறாரோ என்னவோ. எங்களுக்கு வேற போக்கிடம் இல்லைய்யா."

கொழுந்து அவளையே பார்த்தார். ராஜா பழம் தின்ற கதையைச் சொன்னாரே தவிர, கூடை நிறைத்த கதையைப் பற்றிச் சபையில் மூச்சு விடவில்லை. கொழுந்துக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

மறுநாள் சபைக்கு வந்து, "அதே பழம் அகப்பட்டுவிட்டது மகாராஜா" என்றார். "ஆனால் மரத்தடிக்கு நேரில் வந்துதான் சாப்பிட வேண்டும். ஆபத்சகாயமும் சாட்சிக்கு வரட்டும். வெள்ளிக்கிழமை விடியும் முன்பே கிளம்பிவிடுவோம். வழியில் இரண்டு பேரும் எதையும் வாயில் போட வேண்டாம், நாக்கின் ருசி கெட்டுவிடும்."

அடிவாரத்தோடு பல்லக்கு நின்றது. மேலே ஒற்றையடிப் பாதைதான். ராஜா வேட்டி நுனியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஆபத்சகாயத்தின் தொந்தி முன்னால் போக, அவர் பின்னால் இழுபட்டுப் போனார். தோட்டத்தை எட்டியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

வெள்ளையம்மாள் ஆளுக்கொரு வெறுங்கூடையை நீட்டினாள். அப்படிச் செய்யச் சொன்னவர் கொழுந்துதான். ராஜா கொழுந்தை முறைத்தார். கொழுந்து ஆகாயத்தில் மேகம் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம் வழக்கம்தானே, வேறு வழியில்லை. ராஜா கத்தரியை வாங்கிக்கொண்டார். ஆபத்சகாயம் கண்ணேணியில் ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் நடுவிலேயே தொங்கினார்.

ஒருவழியாகக் கூடைகள் நிறைந்தன. இரண்டு பேரும் மரத்தடியில் சாய்ந்தார்கள். வயிறு கூப்பாடு போட்டது. கொழுந்து ஒரு வாழையிலை நிறையப் பழம் கொண்டுவந்து வைத்தார்.

ராஜா ஒரு சுளையை வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான்" என்றார். "இதே பழம்தான்."

ஆபத்சகாயம் வாயில் சாறு ஒழுக எழுந்து உட்கார்ந்தார். "பார்த்தீர்களா மகாராஜா? தேன், சுத்தமான தேன். இத்தனை நாள் இதைத்தான் இவர்கள் பதுக்கி வைத்திருந்தார்கள்."

"பதுக்கியது அவர்கள் இல்லை, நான்தான்" என்றார் கொழுந்து. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கூடையை எடுத்து முன்னால் வைத்தார். அதன் மேல் ஆபத்சகாயத்தின் முத்திரை போட்ட துணி கிடந்தது. "நேற்று விருந்து முடிந்ததும் புளிப்பு என்று மகாராஜா ஒதுக்கி, நீங்கள் உங்கள் கையால் மூடிக்கட்டித் திருப்பி அனுப்பிய கூடை இது. ராத்திரியே அதை அப்படியே மலைமேல் சேர்த்து, இங்கே ஒளித்து வைத்துவிட்டேன். இவ்வளவு நேரம் நீங்கள் சாப்பிட்டது இதிலிருந்துதான்."

ஆபத்சகாயத்துக்கு வாயில் இருந்த சுளை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ராஜா கூடையைப் பார்த்தார், கன்றிச் சிவந்திருந்த தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு வெள்ளையம்மாளைக் கூப்பிட்டார்.

"அம்மா, தோட்டம் உங்களுடையதுதான். இனி யாரும் அதைக் கேட்டு வர மாட்டார்கள்" என்று தன் சால்வையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

ஆனாலும் ராஜாவுக்கு ஆசை விடவில்லை. "கொழுந்து, தினமும் என்னால் மலை ஏற முடியுமா? இதே ருசி அரண்மனையிலும் வர ஒரு வழி சொல்லேன்."

"வெகு சுலபம் மகாராஜா. பழம் எப்போதும்போல் வரட்டும். மடைப்பள்ளியை மட்டும் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிடுங்கள்."