இடது புருவம்

முதலில் தப்புச் செய்தவன் மாடக்கண்ணு. இதை எந்தக் கோயில் வாசலில் நின்று சொல்லச் சொன்னாலும் ஆவுடையப்பன் சொல்வார்.

எட்டு வருஷத்துக்கு முந்தின தீபாவளி. எதிர்வீட்டு மாடக்கண்ணு ஒரு சோடா பாட்டிலில் ராக்கெட்டைச் செருகிப் பற்றவைத்தான். பாட்டில் சாய்ந்தது. வானத்துக்குப் போக வேண்டிய ராக்கெட் தெருவைத் தாண்டி வந்து, தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த ஆவுடையப்பனின் முகத்தை உரசிவிட்டுச் சுவரில் முட்டி அணைந்தது. கண் தப்பியது. இடது புருவம் கருகிப்போனது. அது திரும்ப முளைக்கவேயில்லை.

அன்றைக்கு மாடக்கண்ணு சொன்னது இவ்வளவுதான்.

"கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம்லா வே."

தெரியாமல் நடந்துபோச்சு, மனசுல வச்சுக்காதீரும் என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை வரவில்லை. அன்றோடு ஆவுடையப்பன் அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். ஆனாலும் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் கொடுத்த நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்து, சுவரில் ஒட்டி, மனப்பாடமே செய்துவிட்டார். கையை நீட்டி எட்ட நின்று கொளுத்த வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்க வேண்டும். வெடிக்காத வெடிக்குக் கிட்டே போகக்கூடாது, எட்ட நின்று தண்ணீரை ஊற்ற வேண்டும். இது தற்காப்புக்காகப் படித்தது அல்ல. மாடக்கண்ணு எத்தனை தப்புச் செய்தான் என்று தெரிந்துகொள்ளப் படித்தது.

ஊருக்கு வெளியே பொத்தைக் குன்றின் அடியில் ஒரு சின்ன மடம் இருந்தது. அங்கே இருந்த சாமிக்கு ஆவுடையப்பனைவிடப் பதினைந்து வயது குறைவு. சாமி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆவுடையப்பன் செவ்வாய்க்கிழமை தோறும் போய் மடத்தைக் கூட்டிவிட்டு, சாமி முன்னால் உட்கார்ந்து ஏதாவது ஒன்று கேட்டுவிட்டு வருவார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளும் அண்ணாச்சி."

"காலையில ஆறுலேருந்து ஏழு. சாயங்காலம் ஏழுலேருந்து எட்டு. அந்த நேரத்துலதான் வெடி போடணும்னு ஆட்டோவுல மைக்கு கட்டிச் சொல்லிக்கிட்டுப் போறாங்க."

"நானும் கேட்டேன்."

"மாடக்கண்ணு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச கையோட அஞ்சரைக்கே போட்டுருவான். தெருவுல மொதச் சத்தம் அவன் வீட்டுச் சத்தமா இருக்கணும். அவன் அப்பன் காலத்துப் பழக்கம்."

"சரி."

"இந்த வருஷம் போலீசுக்குப் போன் போடப் போறேன். மனுவும் எழுதி வாங்கி வச்சிட்டேன். தப்பா சாமி?"

"தப்பில்ல அண்ணாச்சி."

ஆவுடையப்பனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சாமி வேண்டாம் என்று சொன்னால் சொல்வதற்கு நாலு பதில் யோசித்து வைத்திருந்தார். நாலும் வீணாகப் போயின.

சாமி எழுந்து போய், குழாயடியில் ஒரு சிவப்பு வாளியை நிரப்பிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார்.

"இதையும் கொண்டு போம்."

"எதுக்கு சாமி?"

"பக்கத்துல ஒரு வாளி தண்ணி இருக்கணும்னு நோட்டீஸுல போட்டிருக்குன்னு நீர்தான சொன்னீரு. மாடக்கண்ணு வைப்பானா?"

"அவனா? எங்க வைப்பான்."

"அப்ப நீர் வையும்."

"அவன் போடுத வெடிக்கு நான் தண்ணி சுமக்கணுமா?"

"போன் எந்தக் கையில இருக்கும்?"

"வலது கையில."

"இடது கை சும்மாத்தான இருக்கு."

ஆவுடையப்பன் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பாதி வழியில் கொட்டிவிடலாமா என்று தோன்றியது. சாமி கொடுத்த தண்ணீர். கொட்டவில்லை. மாடக்கண்ணுவைத் திட்டிக்கொண்டே வீடுவரை சுமந்தார்.

தீபாவளியன்று கிழக்கு வெளுக்கும்போது அவர் தன் வாசலில் தயாராக நின்றார். வலது கையில் போன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஸ்டேஷனுக்குப் போய்விடும். இடது கையில் வாளி. சட்டைப் பையில் மனு.

மணி ஐந்து முப்பத்தைந்துக்கு மாடக்கண்ணு வெளியே வந்தான். முனையில் மஞ்சள் தடவிய புது வேட்டி. கையில் ஊதுபத்தி. தெரு நடுவில் ஒரு அணுகுண்டு வெடியை வைத்தான். எதிரே நின்றவரையும் அவர் கை வாளியையும் ஒருமுறை பார்த்தான். ஒன்றும் கேட்காமல் திரியைக் கொளுத்திவிட்டு ஓடினான்.

வெடிக்கட்டும் என்று ஆவுடையப்பன் காத்திருந்தார். வெடித்தால்தான் குற்றம்.

திரி சீறியது. பாதியில் நின்றுவிட்டது.

மாடக்கண்ணு கொஞ்சநேரம் பார்த்தான். உச்சுக்கொட்டினான். மெதுவாக நடந்து வந்து, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தான். நின்றுபோன திரியை அடுப்பு ஊதுவதுபோல ஊதிப் பார்ப்பது அந்தத் தெரு ஆண்களின் வழக்கம்.

வெடிக்கும் அவன் முகத்துக்கும் ஒரு முழம்கூட இல்லை. அவனுடைய இரண்டு புருவங்களும் அடர்த்தியாக இருந்தன. எட்டு வருஷத்தில் ஆவுடையப்பன் அதை எத்தனையோ தடவை பார்த்து வயிறெரிந்திருக்கிறார். இப்போது திரியின் அடியில் கடுகளவு சிவப்பும் தெரிந்தது.

போன் எப்போது கீழே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது.

"மாடக்கண்ணு, மூஞ்சிய எடுடே."

எட்டு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. பேச்சோடு வாளித் தண்ணீரும் தெரு நடுவை நோக்கிப் பறந்தது. பாதி வெடிமேல் விழுந்தது. பாதி மாடக்கண்ணுமேல் விழுந்தது. வீசின வேகத்தில் கொஞ்சம் ஆவுடையப்பன் சட்டையிலும் சிந்தியது. வெடி புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் படுத்துவிட்டது.

மாடக்கண்ணு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். புகைந்துகொண்டிருந்த திரியைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். ஆவுடையப்பனின் முகத்தில் மொட்டையாக இருந்த இடது பக்கத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

ஆவுடையப்பன் காத்திருந்தார்.

மாடக்கண்ணு வாயைத் திறந்தான்.

"புது வேட்டி வே," என்றான்.

"காயும்."

"மணி என்ன?"

"அஞ்சு நாப்பது."

"அப்ப ஆறுக்கே போட்டுக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டு வேட்டி மாற்ற உள்ளே போனான்.

ஆறு மணிக்கு அந்தத் தெருவில் மாடக்கண்ணு வெடி வெடித்தது. அது மூன்றாவது சத்தம். ஏழு மணிக்கு அவன் மனைவி பேச்சித்தாய் ஒரு தட்டு நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்து ஆவுடையப்பன் கையில் கொடுத்தாள். அவர் தட்டோடு மடத்துக்கு நடந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சாமியிடம் சொன்னார்.

"மனு எங்க அண்ணாச்சி?"

"பையிலேயே நனைஞ்சு கூழாப் போச்சு."

"வாளி?"

"மாடக்கண்ணு வாசல்ல வச்சிட்டு வந்திருக்கேன். நிரப்பித்தான் வச்சேன். சாயங்காலம் ஏழு மணிக்கும் போடுவான்லா."

சாமி ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தார்.

"சாமி, எட்டு வருஷமா அவன் எனக்கு ஒரு வார்த்தை தரணும். காப்பாத்துனதுக்கு இன்னைக்கு இன்னொண்ணும் சேந்துபோச்சு. இந்தப் பலகாரத்தை அதுக்குப் பதிலா எடுத்துக்கிடணுமா?"

சாமி நிதானமாக மென்று முடித்தார்.

"பலகாரம் பலகாரம்தான் அண்ணாச்சி. வார்த்தை வேற."

"அதத்தான நானும் சொல்லுதேன். விடமாட்டேன் சாமி. அவன் தரணும்."

"தரணும்," என்றார் சாமி. தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து ஆவுடையப்பன் கையில் வைத்தார். "தர்ற வரைக்கும் அவன் புருவத்தைப் பத்திரமாப் பாத்துக்கிடும்."