மயிலைக்கு வளர்ந்த சோளம்

ரொம்பக் காலத்துக்கு முன்னே மேட்டுக்காட்டு நாட்டை மருதவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். என்ன, காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் வேறொன்று சொல்வார். மாறாத பிரியம் மயிலை என்ற காளை மேல்தான். அதைக் கன்றிலிருந்தே துணியில் பால் நனைத்து ஊட்டி வளர்த்தவள் அரண்மனைத் தொழுவத்து நாச்சாயி. அவளுக்கு அது பெறாத பிள்ளை.

மாட்டு விஷயம் எதுவானாலும் ராஜா அவளைத்தான் கேட்பார். பிரதானி அனந்தராயருக்கு இது ஒரே வயிற்றெரிச்சல். "சாணி அள்ளுகிறவளுக்குச் சபையில் என்ன பேச்சு?" என்று கருவிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. "மயிலைக்கு யார் கரும்பச்சையாகத் தீவனச் சோளம் வளர்க்கிறாரோ, அவருக்கு இந்த முத்துமாலை" என்றார். பிரதானி முந்திக்கொண்டார். வயலில் ஆட்டுக்கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். இரண்டு நாள் கிடை போட்டாலே பயிர் செழிக்கும். பிரதானி பத்து நாள் போட்டார், போதாதென்று இருபது வண்டி எருவும் கொட்டினார். பயிர் முழங்கால் உயரத்தில் கருகருவென்று நின்றது. அப்புறம் பார்த்தால் மழை இல்லை. இலை சுருண்டது, நிறம் மட்டும் மாறவில்லை.

ராஜா பார்த்துச் சொக்கிப்போனார். "நாளைக் காலையில் மயிலைக்கு இங்கேதான் விருந்து" என்றார்.

நாச்சாயி சுருண்ட இலையைப் பார்த்ததுமே ஆபத்தைக் கண்டுகொண்டாள். உரம் மிஞ்சி, தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம். தண்ணீர் கண்டு, கதிர் வந்து முற்றினால்தான் பயமில்லை. ராஜாவிடம் சொன்னாள், அவர் சிரித்தார். மறுபடி சொன்னாள், முறைத்தார். "இவளுக்குப் பொறாமை, மகாராஜா" என்றார் பிரதானி.

மறுநாள் சபையே வரப்பில் கூடியது. நாச்சாயி ஒரு கையில் மயிலையையும் மறுகையில் ஒரு செவலைப் பசுவையும் பிடித்துக்கொண்டு வந்தாள். செவலை பிரதானி வீட்டுப் பசு. அதன் கழுத்தைத் தடவாமல் அவர் காலையில் பல்கூட விளக்கமாட்டார்.

"இதை எதுக்கு இங்கே ஓட்டிக்கிட்டு வந்தே?"

"எங்க தொழுவத்து வழக்கம், ஐயா. விளைவிச்சவர் வீட்டு மாடு முதல் வாய் தின்னணும். அப்புறம்தான் அரண்மனை மாடு."

அந்த வழக்கம் அன்று காலையில்தான் பிறந்தது. ஆனாலும் ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. "நல்ல வழக்கம். உம்ம கையாலேயே ஊட்டும், பிரதானி."

பிரதானி ஒரு கை அறுத்தார். செவலை ஆசையாய் நாக்கை நீட்டியது. நாச்சாயி கயிற்றை இறுக்கித்தான் பிடித்திருந்தாள், அந்தப் பசு என்ன பாவம் செய்தது? அதற்குள் பிரதானியின் கை தானாகப் பின்னால் போய்விட்டது.

"மகாராஜா... கதிர் வந்தப்புறம் ஊட்டலாமே. இப்போ ரொம்ப இளசு."

"உம்ம செவலைக்குக் கதிர் வரணும். என் மயிலைக்கு மட்டும் இன்னிக்கே ஆகுமோ?"

பிரதானி அறுத்ததைக் கீழே போட்டுவிட்டுச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "இது மாட்டுக்கு விஷம்னு பண்ணையாளுங்க சொன்னாங்க, மகாராஜா. மாலை ஆசையிலே நான்தான் காதில் வாங்கலே" என்றார்.

ராஜா நாச்சாயி பக்கம் திரும்பினார். "இதை நீ நேராகவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன், மகாராஜா. முதல் தடவை சிரிச்சீங்க. ரெண்டாம் தடவை முறைச்சீங்க. மூணாம் தடவைக்கு என் தலை மிஞ்சுமோ மிஞ்சாதோன்னு, ஐயாவையே சொல்ல வெச்சேன்."

ராஜா மயிலையின் நெற்றியைத் தடவினார், கண் கலங்கியது. முத்துமாலையைத் தம் கையாலேயே நாச்சாயியிடம் கொடுத்தார். பிரதானிக்குத் தண்டனை, கதிர் முற்றும்வரை அந்தச் சோளத்துக்குத் தண்ணீர் இறைப்பது. இறைத்த நாளெல்லாம் அவருக்கு நாச்சாயிதான் மோர் கொண்டுபோனாள்.

கதிர் முற்றியதும் மயிலையும் செவலையும் ஒரே தொட்டியில் தின்றன. நாச்சாயி வாய் திறந்தால், அதற்கப்புறம் ராஜா முதல் தடவையிலேயே காது கொடுத்தார்.