செம்புப் பெட்டிக்குள் திருநீறு

மலைக்கு அடியில், வானத்திலிருந்து பொழியும் கதிர்கள் எட்டாத ஆழத்தில், ஒரு சுரங்க அறை. அறைக்குள் யானை உட்கார்ந்த மாதிரி ஓர் ஈயச் சுவர். சுவருக்குள் செம்புப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு படிகம். அண்டமெங்கும் நிறைந்தும் கண்ணுக்கும் ஒளிக்கும் சிக்காத கரும்பொருள் (டார்க் மேட்டர்) வந்து மோதினால் அது ‘டிக்’ என்று சொல்லவேண்டும்.

படிகம் வாயே திறக்கவில்லை.

பெட்டியை வடிவமைத்தவர் திருமேனிநாதன். பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியர் வேலையை உதறிவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளைய விஞ்ஞானியான செவ்வந்தியிடம் சீடராகச் சேர்ந்தவர். மறுநாள் ஆய்வுக்குழு வருகிறது. பெட்டி சரியில்லை என்றால் பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

“மேடம், கரும்பொருளே இல்லையா? இல்ல, என் பெட்டிதான் செவிடா?”

“தெரியலை சார்,” என்று சொல்லிவிட்டு செவ்வந்தி டீ குடிக்க மேலே போனார்.

நாதன் அக்கம்பக்கம் பார்த்தார். பெட்டியைத் திறந்தார். சட்டைப்பைப் பொட்டலத்தைப் பிரித்து, செம்பின் உட்புறம் மூன்று பட்டையாகத் திருநீறு பூசினார். “முருகா!” என்று மூடினார்.

டிக்.

கொஞ்சம் பொறுத்து, டிக்... டிக்.

செவ்வந்தி திரும்பிய லிஃப்ட் ‘கிறீ...ச்’ என்று வந்து நிற்பதற்குள் நாதன் அதன் வாசலுக்கு ஓடிவிட்டார். “வந்துடுச்சு மேடம்! வந்துடுச்சு!”

செவ்வந்தி டிக்குகள் பதிவாகும் திரையைப் பார்த்தார். நாதனின் வெளுத்திருந்த விரல் நுனியைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து, ஈரத்துணியால் துடைத்து, மூடினார்.

சத்தமே இல்லை.

“ஐயோ, போயிடுச்சே!”

“சாம்பல்ல என்ன இருக்கு சார்? நீங்க நடத்துன பாடந்தானே?”

“பொட்டாசியம்... அதுல துளியூண்டு தானாச் சிதைஞ்சு கதிர் விடும்...” நாதன் விழித்தார். “ஆனா மேடம், இது பழனித் திருநீறு!”

“படிகத்துக்கு அது தெரியாதே.”

நாதன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முருகன் வந்தானா, வரவில்லையா? பெட்டி பாஸா, ஃபெயிலா? ஒரு எழவும் புரியவில்லை.

“நாளைக்குக் குழுகிட்ட என்னன்னு சொல்றது?”

“ஒரு சிட்டிகைச் சாம்பல் முணுமுணுத்ததைப் பெட்டி கேட்டுச்சுன்னு சொல்லுங்க.”

“அப்ப, இத்தனை நாளா ஒண்ணுமே கேக்கலியே, அது?”

செவ்வந்தி ஈரத்துணியைப் பிழிந்தார்.

“அந்த ‘ஒண்ணுமில்லை’யையும் இதே காதுதான் சார் கேட்டுச்சு.”